கிளாசிக் டூரிங் கார் பந்தயம்: ஒரு சீசனை வெல்வது எந்தக் கார்?

[திரையில்: பழைய பந்தயத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள்]

1970, 1971, 1972. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் சலூன் கார் (டூரிங் கார் பந்தயத்தின் அன்றைய பெயர்) சாம்பியன் பட்டத்தை வென்றவர் பில் மெக்கவர்ன். அவர் ஓட்டியது 998 சிசி எஞ்சின் பொருத்திய சன்பீம் இம்ப். அதே தடத்தில் கூடவே ஓடிய மஸ்டாங், கமாரோ கார்களின் எஞ்சின் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவை பெரும்பாலும் அந்தப் பெரிய கார்கள்தான். பட்டம் போனது இம்ப்புக்கு.

காரணம், புள்ளிகள் வகுப்புவாரியாகக் கொடுக்கப்பட்டன. எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கார்களைப் பிரிப்பார்கள். மொத்தத்தில் பதினைந்தாவதாக வந்தாலும், தன் வகுப்பில் முதலிடம் என்றால் முழுப் புள்ளி. இன்றைய கிளாசிக் டூரிங் கார் தொடர்கள் பலவும் இந்த முறையில்தான் நடக்கின்றன. இது தெரியாமல் பார்த்தால் முன்னால் ஓடும் இரண்டு கார்களை மட்டும் பார்த்துவிட்டு உண்மையான போட்டியைத் தவறவிடுவோம்.

[திரையில்: புள்ளிக் கணக்கு]

ஒரு கணக்குப் போடுவோம். வகுப்பில் முதல் ஆறு இடங்களுக்கு 9, 6, 4, 3, 2, 1 புள்ளிகள். சீசனில் எட்டுப் பந்தயங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் ஆறு பந்தயங்களில் வெல்கிறது, இரண்டில் எஞ்சின் கோளாறால் பாதியில் நிற்கிறது: 54 புள்ளி. வேறு வகுப்பில் ஓடும் இரண்டாவது கார் ஐந்து வெற்றி, மூன்று இரண்டாமிடம்: 45உம் 18உம் சேர்ந்து 63. பழுதில்லாமல் ஓடிய கார் முந்திவிட்டது.

இப்போது விதியில் ஒரு வரி சேர்ப்போம்: மோசமான இரண்டு முடிவுகளைக் கழித்துக்கொள்ளலாம். முதல் கார் இழப்பது இரண்டு பூஜ்யங்களை. 54 அப்படியே நிற்கும். இரண்டாவது கார் 12 புள்ளிகளை இழந்து 51க்கு இறங்கும். சாம்பியன் மாறிவிட்டார்! அதனால் ஒரு தொடரைப் பின்தொடரும் முன், எத்தனை முடிவுகளைக் கழிக்கிறார்கள், வகுப்பில் கார்கள் குறைவாக இருந்தால் புள்ளியைக் குறைக்கிறார்களா என்ற இரண்டையும் விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். அணிகள் எஞ்சினை எவ்வளவு தூரம் வருத்தும் என்பதை இந்த இரண்டு விதிகளே தீர்மானிக்கின்றன.

[திரையில்: காலகட்ட வரிசையில் கார்கள்]

காலகட்டப் பிரிவு இன்னோர் அடுக்கு. பிரிட்டனில் 1966க்கு முந்தியவை, 1983க்கு முந்தியவை, 1993க்கு முந்தியவை என்று பிரிக்கிறார்கள். முதல் பிரிவில் மினி கூப்பர் எஸ், லோட்டஸ் கார்ட்டினா. இரண்டாவதில் கப்ரி, ரோவர் எஸ்டி1. மூன்றாவதில் பிஎம்டபிள்யூ எம்3, ஃபோர்டு சியரா ஆர்எஸ்500. அந்த சியராவின் டர்போ எஞ்சின் பந்தயத்தில் 500 குதிரைத்திறனைத் தாண்டியது. ஆனாலும் 1988இல் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றது ஃபிராங்க் சைட்னரின் எம்3. அங்கேயும் அதே வகுப்புக் கணக்குதான்.

பிரிட்டிஷ் சீசன் வசந்தத்தில் தொடங்கி அக்டோபரில் முடியும். அங்கே ஞாயிறு பிற்பகல் 2 மணி என்றால் சிங்கப்பூரில் நமக்கு இரவு 9 மணி. நேரலை பார்க்க வசதியான நேரம்.

[திரையில்: அப்பர் தாம்சன் சாலை]

சிங்கப்பூருக்கு இந்தப் பந்தயம் அந்நியமானதல்ல. 1961 முதல் 1973 வரை தாம்சன் ரோட்டில் நடந்த கிராண்ட் பிரியில் சலூன் கார்களுக்கும் தனிப் பந்தயங்கள் இருந்தன. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் தடம். ஓரத்தில் ஆழமான வடிகால்களும் விளக்குக் கம்பங்களும். பழைய அப்பர் தாம்சன் சாலையில் இன்றைக்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே அந்த வளைவுகளில் மினியை விரட்டியவர்களின் நெஞ்சுரம் புரியும்.

இப்போது இங்கே நிரந்தரத் தடம் கிடையாது. துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டும். ஓட்டிச் செல்பவர்கள் முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் எல்லையைக் கடக்கலாம். அங்கே சிங்கப்பூர்க் கார்களுக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது. ரான் 97 போடுங்கள். அதிக அழுத்த விகிதம் கொண்ட பழைய எஞ்சினுக்கு எப்படியும் அதுதான் ஏற்றது.

[திரையில்: மினியின் திறந்த பானெட்]

இந்த வெப்பத்தில் 1275 சிசி மினி கூப்பர் எஸ் எங்கெல்லாம் மடக்கும் என்று பார்ப்போம்.

முதலில் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. இந்த எஞ்சினில் 2, 3ஆம் சிலிண்டர்களின் புகை ஒரே துளை வழியாக வெளியேறும். அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறும். கேஸ்கெட் பெரும்பாலும் அங்கேதான் போகும். போதாக்குறைக்கு ரேடியேட்டர் எஞ்சினின் பக்கவாட்டில், சக்கர வளைவை ஒட்டி இருக்கிறது. எதிர்க்காற்று அதற்கு நேராகக் கிடைப்பதில்லை. நமக்கு உறைபனிக் கவலை இல்லை. எனவே பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்) ஊற்றாதீர்கள். தண்ணீரைவிட அது குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். சுத்தமான தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும் போதும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் சோதியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் 13 பிஎஸ்ஐ மூடி கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்த்தும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி, ஒரு சுற்று மெதுவாக ஓடினாலே தண்ணீரைத் துப்பிவிடும்.

இரண்டாவது பெட்ரோல். கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தொடக்கக் கட்டத்தில் காத்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவியாகி, பந்தயம் தொடங்கும்போது எஞ்சின் இருமும். இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தடுப்புத் தகடு வையுங்கள். பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது மழை. சிப்பாங்கில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், மினியில் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. முன்னால் போகும் கார் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அதன் மேல்தான் விழும். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்து, பிறகு எஞ்சின் நிற்கும். பழைய வைத்தியம் இன்றும் பலிக்கிறது: ரப்பர்க் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒயர்களை அவற்றின் வழியே எடுத்து, மூடியின் மேல் இறுக்கமாகப் போர்த்துங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

[திரையில்: எண்ணெய் வடிகால் திருகு, நெருக்கத்தில்]

மினியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 5 லிட்டர், 20டபிள்யூ-50. கியர்ப் பற்கள் அரைப்பதால் அது வேகமாக வலுவிழக்கும். ஒவ்வொரு பந்தய வார இறுதிக்குப் பிறகும் மாற்றுங்கள். காந்தத் திருகில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஊசி போன்ற துணுக்கோ செதிலோ இருந்தால் எஞ்சினை இறக்குங்கள். அடுத்த பந்தயத்தை அது தாங்காது.

டேப்பெட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ளது) ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவையுங்கள். புகை வால்வில் அது குறைந்துகொண்டே வந்தால், வால்வு தன் இருக்கைக்குள் புதைகிறது என்று பொருள். ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு வரும் நோய் இது. கடினமான உலோக இருக்கை பொருத்துவதே தீர்வு.

டயர் அழுத்தம்: காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும். ஐரோப்பியக் குறிப்பேட்டில் உள்ள குளிர்நிலை எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஓடி முடித்து வந்ததும் அளந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

[திரையில்: பந்தயத்திடலில் நிற்கும் கார்ட்டினா]

லோட்டஸ் கார்ட்டினா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் 1558 சிசி ட்வின் கேம் எஞ்சினில் தண்ணீர் பம்ப், முன்பக்க டைமிங் கவருக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பேரிங் போனால் ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றாமல் மாற்ற முடியாது; பந்தயத்திடலில் நடக்கிற வேலையல்ல. பயணத்துக்கு முன் பம்பின் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிளம்பாதீர்கள். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் அந்தப் பேரிங்கைக் கொல்லும் முதல் காரணம்.

[திரையில்: உறை போட்டு நிறுத்திய கார்]

இங்கே 35 ஆண்டு கடந்த காரைக் கிளாசிக் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி நாள்களில் கார் சும்மா நிற்கும். பல பழுதுகள் அப்போதுதான் பிறக்கின்றன. பிரேக் ஆயில் நம் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155க்கு இறங்கும். சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ச்சாலைகளின் முடிவிலும் முழு பலத்தோடு மிதிக்கும்போது ஆயில் கொதித்தால், பெடல் தரைவரை போகும். ஆகவே பந்தயத்துக்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றுங்கள். புதிதாக ஊற்றுவது மூடி திறக்காத புட்டியிலிருந்து இருக்கட்டும். சென்ற முறை மிச்சம் வைத்ததை ஊற்றவே வேண்டாம்.