பாறைமேல் ஊர், ஊர்மேல் போப்

அவையோர்க்கு வணக்கம்.

ரோமுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது ஓர்வியெத்தோ. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான ஒரு மேடு. அதன் மேல்தான் ஊர். சுற்றிலும் செங்குத்துச் சரிவு, சில இடங்களில் 50 மீட்டர் ஆழம். இயற்கையே மதில் எழுப்பிக் கொடுத்துவிட்டதால் வாசல்களைக் காத்தாலே போதும். மேற்கே உள்ள போர்த்தா மஜ்ஜோரே பாறையைக் குடைந்து வைத்த வாசல்.

இடைக்காலத்தில் நடு இத்தாலியின் பெரும்பகுதியைப் போப்புகளே ஆண்டார்கள். அந்தப் போப்பாட்சிக்கு உட்பட்ட ஊர் என்றதும், போப் நினைத்ததெல்லாம் அங்கே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1157இல் நான்காம் ஏட்ரியனோடு ஊர்மன்றம் செய்துகொண்டது ஓர் ஒப்பந்தம். ஊரார் விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். வாசல் சாவி அவர்களிடமே இருந்தது. 1199இல், திருச்சபை மதபேதம் என்று கண்டித்த கத்தார் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்க மூன்றாம் இன்னசென்ட் அனுப்பிய நிர்வாகி பியெத்ரோ பரென்ட்சோ, அதே ஆண்டில் கொலையுண்டார்.

ஆனால் ரோமில் கலகம் என்றால் போப்புகளுக்கு இந்தப் பாறைதான் புகலிடம். நான்காம் அர்பன் 1262 முதல் இங்கே தங்கி, 1264இல் நற்கருணைப் பெருவிழாவை அறிவித்தார். ரோம் ஏற்காத நான்காம் மார்ட்டின் 1281இல் முடிசூடியதும் இங்கேதான். போப் வந்தால் கூடவே நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். அத்தனை பேருக்கும், அவர்களுடைய குதிரைகளுக்கும் தண்ணீர்?

சிக்கலே அங்கேதான். பாறை மழைநீரை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். அடியில் இருக்கும் களிமண் அதைத் தடுக்கும். ஆகவே ஊற்றுகள் பாறையின் காலடியில், அதாவது ஊருக்கு வெளியே! அதே நீர் களிமண்ணை இளக்கிவிடுவதால் விளிம்புப் பாறை பிளந்து சரிவதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்ஃபீனா மேட்டிலிருந்து குழாய் போட்டார்கள். தண்ணீர் பள்ளத்தில் இறங்கித் தன் அழுத்தத்தாலேயே மறுபுறம் ஏற வேண்டும். அழுத்தம் மிகுவது பள்ளத்தின் அடியில். அங்கே ஓர் இணைப்பு விட்டாலும் மேலே சொட்டு வராது. முற்றுகையிடுபவனுக்கு அந்த ஓரிடம் போதும்.

போல்சேனா ஏரிக்கரை ஊர்களை ஓர்வியெத்தோ 1294இல் கைப்பற்றியபோது, போப்பிடம் இருந்த ஆயுதம் சபைவிலக்கு, அதாவது திருச்சபையிலிருந்து தள்ளிவைப்பது. பிறகு எட்டாம் போனிஃபேஸ் சமாதானம் செய்துகொண்டார். ஊர் அவருக்கு வாசல்களின் மேல் பளிங்குச் சிலை வைத்தது. அவர் இறந்த பின் எதிரிகள் அதையே சிலைவழிபாட்டுக் குற்றமாக்கியது தனி வேடிக்கை.

1309 முதல் போப்புகள் ரோமை விட்டு, இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில். இங்கே மொனால்தெஸ்கி குடும்பம் 1313இல் எதிரிகளான ஃபிலிப்பெஸ்கிகளைத் துரத்திவிட்டுப் பிறகு தனக்குள்ளேயே அடித்துக்கொண்டது. 1354இல் போப்பின் பிரதிநிதியாக வந்த கர்தினால் அல்போர்னோஸ் ஊரைப் பணியவைத்தார். எனக்குப் பிடித்தது அவருடைய கணக்கு: பிரமாணத்தை நம்பவில்லை. 1364இல் கிழக்கு முனையில், வாசலை ஒட்டி, கோட்டை எழுப்பச் சொன்னார். காவல் இனி போப்பின் ஆட்கள். ஊரார் அதன் பொருளை நன்றாகவே புரிந்துகொண்டார்கள் போலும்; 1390இல் அந்தக் கோட்டை ஏறக்குறைய தரைமட்டம்.

தண்ணீருக்கு விடை 1527இல்தான் வந்தது. ரோம் சூறையாடப்பட்டுத் தப்பி வந்த ஏழாம் கிளெமென்ட், கோட்டைக்குப் பக்கத்திலேயே கிணறு வெட்ட ஆணையிட்டார். பொறுப்பு, கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ சங்கால்லோவிடம். ஆழம் 53 மீட்டர், அகலம் 13. ஒன்றையொன்று தொடாத இரண்டு சுழல் பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்றில் கோவேறு கழுதை இறங்கும், அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து மற்றதில் ஏறும். வெளிச்சத்துக்கு நடுச்சுவரில் சாளரங்கள். வேலை முடிந்தது 1537இல், மூன்றாம் பவுல் காலத்தில். கிளெமென்ட் 1528இலேயே ரோம் திரும்பியிருந்தார்.