சாத்திய கதவுக்கு வெளியே ஒரு கேமரா

எல்லோருக்கும் வணக்கம்.

இயக்குநர் கே. சுப்ரமணியத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். கேட்ட மறுநிமிடமே சரி என்று சொல்லிவிட்டேன். எம்.கே.டி. என்கிற தியாகராஜ பாகவதர் என்றால் தெரியும், எம்.எஸ். சுப்புலக்ஷ்மி என்றால் தெரியும், நடிகை டி.ஆர். ராஜகுமாரி என்றால் பழைய ஆட்களுக்கு முகமே மலர்ந்துவிடும். இவர்களையெல்லாம் திரையில் நிறுத்திய கை யாருடையது என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. அந்தக் கை சுப்ரமணியத்துடையது. அந்த மறதி எனக்கு ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1904-ல் தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தவர். இந்த வக்கீல் படிப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன். மௌனப் படக் காலத்திலேயே இயக்குநர் ராஜா சாண்டோவுடன் சேர்ந்து கதை எழுதத் தொடங்கிவிட்டார். 1934-ல் அவர் இயக்கிய முதல் படம் ‘பவளக்கொடி’. மேடையில் அந்த நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலக்ஷ்மியும் அந்தப் படத்தில்தான் முதல்முதலாகத் திரைக்கு வந்தார்கள்.

அந்தப் படப்பிடிப்பைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். இடம் அடையாறு. அன்றைக்குச் சூரியன்தான் விளக்கு. மேகம் வந்து மறைத்தால் வேலை நின்றுவிடும். மேகம் விலகும்வரை பாகவதரும் காத்திருக்க வேண்டும், பக்கவாத்தியக்காரர்களும் காத்திருக்க வேண்டும். பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடெல்லாம் கிடையாது. நடிக்கிறவர் கேமராவுக்கு முன்னால் நின்று பாடுவார், கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் உட்கார்ந்து வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகும். பாகவதர் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு காக்கை ‘கா’ என்றால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. மதியச் சாப்பாடு ஆனதும் சிந்திய சோற்றைத் தேடிக் காக்கைகள் கூட்டமாக வந்து இறங்குமாம். அவற்றை விரட்டுவதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். இப்படி உண்டான படத்தில் ஐம்பது பாட்டு! அந்தப் பொறுமையை நினைத்தாலே கை தானாகக் குவிகிறது.

‘பவளக்கொடி’ புராணக் கதை. 1936-ல் அவர் எடுத்த ‘பக்த குசேலா’வும் அப்படித்தான். அதில் பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார். எஸ்.டி. சுப்புலக்ஷ்மி கிருஷ்ணனாகவும் வந்தார், குசேலரின் மனைவியாகவும் வந்தார். நன்றாக ஓடிய படம். அதே வழியில் போயிருந்தால் சுப்ரமணியத்துக்கு எந்தத் தொந்தரவும் வந்திருக்காது. ஆனால் அவர் வேறு பக்கம் திரும்பினார். 1937, 1938, 1939 என்று வரிசையாக மூன்று வருஷம், மூன்று படங்கள். ‘பாலயோகினி’, ‘சேவாசதனம்’, ‘தியாகபூமி’. என்னைக் கேட்டால், சுப்ரமணியம் யார் என்பதற்கு இந்த மூன்று படங்களே போதும்.

மூன்றுக்கும் பொதுவான காட்சி ஒன்று இருக்கிறது. ஒரு பெண் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வழக்கமாகக் கேமரா கதவுக்கு உள்ளே, குடும்பத்தாரோடு இருந்துவிடும். சுப்ரமணியத்தின் கேமரா வெளியே வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

‘பாலயோகினி’யில் கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண், மகளோடு வசதியான உறவுக்காரர் வீட்டுக்கு அடைக்கலம் தேடிப் போகிறாள். விரட்டிவிடுகிறார்கள். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய ஒரு வேலைக்காரரின் குடிசைதான் அவளுக்கு இடம் கொடுக்கிறது. ஊர் கொதித்துப்போய் அந்தக் குடிசைக்கே தீ வைக்கிறது. இன்றைக்குக் கேட்டால் இது சாதாரணக் கதை மாதிரி தெரியலாம். கணவன் போனதும் தலையை மழித்து, ஒற்றைத் துணி உடுத்தி, பின்கட்டில் உட்கார வைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஒரு விதவையின் வேஷத்துக்கு நிஜமாகவே விதவையாக இருந்த ஒரு பிராமணப் பெண்ணை நடிக்க வைத்தார் சுப்ரமணியம். சொந்த ஜில்லாக்காரர்களே கூடி அவரைச் சாதியை விட்டுத் தள்ளிவைத்தார்கள். அவர் அசரவில்லை. அடுத்த வருஷம் அதைவிடச் சூடான கதையோடு வந்தார்.

அதுதான் ‘சேவாசதனம்’. ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் நாவல். எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் முதல் படம். வயதில் மிக மூத்தவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட இளம்பெண் சுமதி. ஒரு ராத்திரி அவள் வீட்டுக்குத் தாமதமாக வருகிறாள். சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடுகிறார் கணவர். போக இடமில்லாத பெண்ணுக்கு ஊரில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதை அந்தப் படம் ஒளிக்காமல் சொன்னது. கணவராக நடித்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். கடைசியில் அவர் மனம் நொந்து பூணூலை அறுத்து எறியும் காட்சி அன்றைக்குப் பெரிய அதிர்வை உண்டாக்கியது.

‘தியாகபூமி’க்கு வருகிறேன். கல்கி எழுதிய கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாராகிக்கொண்டிருந்தது. தொடருக்கு ஓவியம் போடுவதற்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். படிக்கிறவர்களுக்குச் சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவனின் முகம், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலக்ஷ்மியின் முகம், சாரு என்றால் பேபி சரோஜாவின் முகம் என்று மனசில் பதிந்துபோனது. சரோஜா அப்போது குட்டிக் குழந்தை. ‘பாலயோகினி’ வந்ததிலிருந்தே வீட்டுக்கு வீடு பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கதையில் சாவித்திரியைக் கல்கத்தாவில் இருக்கும் கணவன் கொடுமைப்படுத்துகிறான். கர்ப்பிணியாக வெளியேறுகிறாள். பெற்ற குழந்தை சாருவைத் தகப்பனார் சம்பு சாஸ்திரியிடம் சேர்த்துவிட்டு எங்கோ போகிறாள். வருஷங்கள் கழித்து உமாராணி என்ற பெயரில் பெரும் பணக்காரியாகத் திரும்புகிறாள். இப்போது கணவன் வருகிறான், தன்னோடு சேர்ந்து வாழச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகிறான்.

வக்கீல் படிப்பை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். விவாகரத்துக்கு வழி செய்த இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல். படம் வந்தது 1939-ல். அதாவது புருஷன் எவ்வளவு கொடுமைக்காரனாக இருந்தாலும் சட்டப்படி விட்டு விலக அந்தப் பெண்ணுக்கு வழியே இல்லாத காலம். அவளைத் திரும்ப வரச் சொல்லி வழக்குப் போட மட்டும் புருஷனுக்கு வழி இருந்தது. சாவித்திரி கூண்டில் நின்று, இவரோடு வாழ முடியாது, வேண்டுமானால் இவருக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்கிறாள். ஜீவனாம்சத்தைப் பெண் கொடுப்பதாகச் சொல்கிறாள்! எழுதியவர் கல்கி, உண்மைதான். ஆனால் அதைத் திரையில் எந்த வேகத்தில் வைப்பது, யார் முகத்தில் கேமராவை நிறுத்துவது என்பதெல்லாம் சட்டம் தெரிந்த ஒரு மனிதர் எடுத்த முடிவுகள். தான் ஆயுள் முழுக்க வாதாடியிருக்கக்கூடிய ஒரு வழக்கை அவர் ஒரே காட்சியில் வாதாடி முடித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோர்ட்டை விட்டு சாவித்திரி சுதந்திரப் போராட்டத்துக்குப் போகிறாள். டி.கே. பட்டம்மாளின் குரலில் ‘தேச சேவை செய்ய வாரீர்’ ஒலிக்கிறது. படம் வெளியானபோது மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி அந்த வருஷக் கடைசியில் மந்திரிசபை விலகியது. 1940-ல் அரசாங்கம் படத்தைத் தடை செய்தது. தடை உத்தரவு கைக்கு வரும்வரை சென்னை கெயிட்டி தியேட்டரில் டிக்கெட்டே இல்லாமல் தொடர்ந்து படத்தை ஓட்டினார்கள். ஜனங்கள் அலைமோதினார்கள். கடைசியில் போலீஸ் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தது.

அதற்கப்புறமும் அவர் படங்கள் எடுத்தார். 1941-ல் வந்த ‘கச்ச தேவயானி’ டி.ஆர். ராஜகுமாரியை நட்சத்திரமாக்கியது. மவுண்ட் ரோட்டில் சுப்ரமணியம் முன்னின்று நடத்திய ஸ்டுடியோ தீக்கிரையாகி, ஏலத்துக்கு வந்து, எஸ்.எஸ். வாசன் கைக்குப் போய் ஜெமினி ஸ்டுடியோவானது. நாம் தினமும் ஜெமினி என்று சொல்லி இறங்குகிற இடத்துக்கு அடியில் சுப்ரமணியத்தின் உழைப்பும் கிடக்கிறது. பிறகு தொழிலுக்காகச் சங்கங்களைக் கட்டுவதில் இறங்கினார். தென்னிந்திய நடிகர் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மகள் பத்மா சுப்ரமணியத்தை நாட்டிய உலகம் முழுக்க அறியும். சுப்ரமணியம் 1971-ல் காலமானார்.

‘தியாகபூமி’யின் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நான் முதல்முறை பார்த்தபோது கோர்ட் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி பின்னால் தள்ளி இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பகுதியைத்தான் இப்போது போடப்போகிறோம். ஒலி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், வசனம் தேய்ந்து கேட்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். விளக்கை அணைத்துவிடலாம் தம்பி.