டி கோலுக்கு வந்தது கோபமா, கோதுமைக் கவலையா?

போன வீடியோவில், 1973ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்ததைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்கிறார்: "பிரெஞ்சு அதிபர் டி கோல் இரண்டு முறை பிரிட்டனை உள்ளே விடவில்லை என்றீர்கள். அமெரிக்காவிடம் ஏவுகணை வாங்கிய கோபம்தானே காரணம்?"

பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கதை இடிக்கிறது.

1961ல் பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லன் விண்ணப்பம் போடுகிறார். 1962 டிசம்பர் 15, 16 தேதிகளில் பாரிஸுக்குப் பக்கத்தில் ராம்பூயே மாளிகையில் டி கோலைச் சந்திக்கிறார். டி கோல் அங்கேயே பிடி கொடுக்கவில்லை. மாக்மில்லன் மனம் நொந்துதான் வெளியே வந்தார். பஹாமாஸில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்து பொலாரிஸ் என்ற அணு ஏவுகணைக்கு ஏற்பாடு செய்தது அதற்குப் பிறகு, 18ஆம் தேதி தொடங்கிய பேச்சில். அப்படியென்றால் ஏவுகணை எப்படி முதல் காரணமாகும்? வசதியாகக் கிடைத்த சாக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, பிறகு என்னதான் காரணம்? 1963 ஜனவரி 14 பத்திரிகையாளர் கூட்டத்தில் டி கோல் 'முடியாது' என்றார் அல்லவா, அதே பேச்சில் சாப்பாட்டு விஷயத்தையும் எடுத்தார். இங்கிலாந்து வெளிநாடுகளில் மலிவாக உணவு வாங்கிக்கொண்டு, தன் விவசாயிகளுக்குப் பெரிய மானியம் கொடுக்கிறது, இது எங்கள் ஏற்பாட்டோடு ஒத்துப்போகாது என்பது அவர் வாதம். ஏவுகணைப் பேச்சில் இதை யாரும் கவனிப்பதில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்டனில் கனடா கோதுமையும் நியூசிலாந்து வெண்ணெயும் உலக விலைக்கே கடைக்கு வரும். உள்ளூர் விவசாயிக்குக் கட்டுப்படியாகாத வித்தியாசத்தை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிடும். பொதுச் சந்தையின் ஆறு நாடுகள் போட்ட திட்டம் இதற்கு நேர் எதிர். உள்ளே விலையை உயர்த்தி வைப்பது, வெளியிலிருந்து மலிவாக வருவதன் மேல் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, போடுவது, அந்தப் பணத்தைப் பொது நிதியில் சேர்த்து விவசாயத்துக்குச் செலவழிப்பது. இதில் அதிகம் லாபம் பார்க்கப்போவது பிரான்ஸ். அதிகம் இறக்குமதி செய்கிற பிரிட்டன் உள்ளே வந்தால் தீர்வை கட்டியே ஓய்ந்துபோகும். திட்டம் முழுசாக முடியும் முன் அதை உள்ளே விட்டால் சும்மா இருக்குமா? விதியையே மாற்றப் பார்க்கும். பிரான்ஸின் பயம் அதுதான் என்பது என் கணிப்பு.

அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரூ மொராவ்சிக் இந்தப் பக்கத்தை ரொம்ப அழுத்தமாக வாதிட்டவர். அவர் ஆதாரங்களைக் கையாண்ட விதமே சரியில்லை என்று வேறு ஆய்வாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையிலும் நியாயம் இருக்கிறது. டி கோலின் பெருமிதத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் விட முடியாது. 1967ல் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சன் இரண்டாவது தடவை விண்ணப்பித்தபோது டி கோல் பவுண்டின் பலவீனத்தைக் காட்டித்தான் மறுத்தார். அங்கே கோதுமை மட்டும் போதாது.

ஆனால் 1969ல் டி கோல் பதவி விலகிய பிறகு நடந்ததைப் பாருங்கள். கோபக்காரர் போய்விட்டார், கதவு உடனே திறந்திருக்க வேண்டுமே? அடுத்து வந்த பொம்பிடு டிசம்பரில் ஹேக் மாநாட்டில், முதலில் விவசாய நிதி ஏற்பாட்டை முடியுங்கள், அப்புறம் பிரிட்டன் என்று நின்றார். 1970 ஏப்ரலில் அது கையெழுத்தானது. பிரிட்டனோடு பேச்சு தொடங்கியது ஜூன் 30.

விதி எழுதி முடிந்த வீட்டுக்குள் குடி வந்ததால் பிரிட்டன் கட்டியது அதிகம், வாங்கியது குறைவு. "எங்கள் பணத்தைக் கொடுங்கள்" என்று மார்கரெட் தாட்சர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1984ல் ஃபோன்தென்ப்ளோ மாநாட்டில் தள்ளுபடி வாங்கினாரே, அது இந்தக் கோதுமைக் கணக்கின் பாக்கிதான்.