கடைசிப் படிக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பேருந்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரேக், டயர், தீயணைப்புக் கருவி எல்லாம் முக்கியம்தான். அவற்றைச் சோதிக்க ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளை கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்த பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் பல நேரம் யாரும் இருப்பதில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றி.

பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறம் வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1939-ல் அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சிர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் முடிவானது. விடிகாலையின் மங்கல் வெளிச்சத்திலும் மஞ்சள்மேல் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும் என்றார்கள். சரி, வண்டி எல்லார் கண்ணிலும் படுகிறது. அதை ஒட்டி நிற்கும் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படுகிறதா? ஒரு பெரிய பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பம்பருக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால், அதற்கென்று வைத்த கண்ணாடி இல்லாவிட்டால், உச்சந்தலைகூடத் தெரியாது. வண்டியைச் சுற்றிலும் 10 அடி ஆபத்தான இடம் என்று சொல்வது இதனால்தான்.

அந்த 10 அடிக்குள் பிள்ளையை இழுப்பது பெரும்பாலும் ஒரு சின்னப் பொருள். தண்ணீர் பாட்டில் நழுவி வண்டிக்கு அடியில் உருளும், பிள்ளை குனியும். "விழுந்தது விழட்டும், ஓட்டுநர் மாமாவிடம் சொல்" என்று பழக்க வேண்டும். அதோடு, பாட்டிலைத் தொலைத்து வந்தால் திட்டாமலும் இருக்க வேண்டும். வீட்டில் திட்டு விழும் என்று பயப்படுகிற பிள்ளைதான் முதலில் குனியும்.

அடுத்தது, சாலையைக் கடப்பது. பேருந்துக்கு முன்னால் 10 அடி தள்ளிப் போய்க் கடக்கச் சொல்லும் அறிவுரை ஒன்று சுற்றுகிறது. அது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளுக்கு உரியது. அங்கே பேருந்தில் சிவப்பு விளக்கு மின்னினால், மற்ற வண்டிகள் பொதுவாக இரு பக்கமும் நின்றாக வேண்டும், சட்டம் அப்படி. அந்தச் சட்டம் இல்லாத ஊரில் இதே அறிவுரை ஆளைக் கொன்றுவிடும். நிற்கும் பேருந்து ஒரு சுவர். அதைத் தாண்டி வரும் பைக்குக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்குப் பைக் தெரியாது. அங்கெல்லாம் பேருந்து கிளம்பிப் போகும்வரை ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். சாலை இரு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கடக்க வேண்டும்.

"ரெண்டு பக்கமும் பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்குள் 25 மீட்டருக்கு மேல் போய்விடும். வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைப் பிள்ளை பார்த்துவிடும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கத்தான் சின்ன வயதில் வராது. போதாததற்கு, 'எனக்குக் கார் தெரிகிறது, அப்படியென்றால் கார்க்காரருக்கும் நான் தெரிவேன்' என்று வேறு நம்பும்.

இப்போது பெற்றோரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு கையை ஆட்டி "வா கண்ணு, வா" என்று கூப்பிடாதீர்கள். நாள் முழுக்க உங்களைப் பார்க்காத பிள்ளை அது. உங்கள் முகத்தைக் கண்டதும் நடுவில் சாலை இருப்பதே மறந்துபோகும். ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, பேருந்தின் கதவு திறக்கும் பக்கத்தில் நில்லுங்கள். இறங்கியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்; விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். ஒருநாள் வரத் தாமதமாகும் என்றால், பிள்ளையை இறக்கிவிட வேண்டாம் என்று பேருந்து உதவியாளரிடம் முன்பே பேசி வையுங்கள். தாத்தாவோ பாட்டியோ கூட்டிப்போக வருகிற நாளில், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். வணக்கம்.