ஏழு குரோமிஸ் வாங்கினால் ஏன் ஒன்றுதான் மிஞ்சுகிறது?

[காட்சி: கிளைப்பவளத்தின் மேலே பச்சை குரோமிஸ் கூட்டம்]

கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் வரும் ஆசை இதுதான். வெளிர்பச்சையில் ஒரு மீன் கூட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பளிச்சென்று மின்ன வேண்டும். கடையில் கேட்டால் பச்சை குரோமிஸை எடுத்துக் காட்டுவார்கள். விலை குறைவு, போட்டதைத் தின்னும், ஏழெட்டாக விடுங்கள் என்பார்கள்.

நானும் ஏழு வாங்கினேன். மூன்றாவது மாதம் ஐந்து. ஒரு வருடம் கழித்து இரண்டு. இப்போது ஒன்றே ஒன்று, நன்றாகக் கொழுத்து, பம்புக்குப் பக்கத்தில் ஜமீன்தார் மாதிரி நிற்கிறது. தண்ணீரைச் சோதித்தேன். உப்பு சரி, அம்மோனியா இல்லை.

[காட்சி: மூலையில் ஒதுங்கிய சிறிய மீன்]

மீன்கள் பாசத்தால் கூட்டம் சேருவதில்லை, பயத்தால் சேருகின்றன. தனியாக நிற்கிற மீன் வேட்டை மீனுக்குச் சுலபம். அதனால் ஒவ்வொன்றும் இன்னொன்றின் பின்னால் ஒளியப் பார்க்கிறது. நம் தொட்டியில் துரத்த ஆளே இல்லை. சில வாரங்களில் அது அவற்றுக்கும் புரிந்துவிடும். பயம் போனதும் கூட்டம் கலைகிறது. அப்புறம் யார் பெரியவன் என்ற சண்டை.

கடலிலும் இந்தச் சண்டை உண்டு. ஆனால் அங்கே அடிவாங்கிய மீன் அடுத்த பவளத்துக்கு ஓடிவிடலாம். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்? பெரியது சின்னதைக் கொத்தும். சின்னது மூலையில் பதுங்கும், சாப்பாட்டுக்குக் கடைசியாக வரும், மெலியும், ஒருநாள் காணாமல் போகும். உடனே அதற்கு அடுத்த சின்னது அந்த இடத்துக்கு வந்துவிடும். கடைசி இடம் மட்டும் காலியாகவே இருக்காது.

இதோடு யுரோனீமா என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்துகொள்ளும். பயணத்திலும் அடியிலும் சோர்ந்துபோன குரோமிஸ்களை இது அடிக்கடி பிடிக்கும். விலாவில் சிவந்த புண் தெரிந்தால் பெரும்பாலும் நாட்கணக்குதான். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, பெரிய தொட்டியைச் சில வாரம் காலியாக விடுவோம் இல்லையா? அந்த வித்தை இங்கே பலிக்காது. மீனே இல்லாவிட்டாலும் யுரோனீமா பாக்டீரியாவைத் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆகவே புதுக் குரோமிஸை ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். மலிவான மீன்தானே என்று நான் அதைச் செய்யவில்லை.

[காட்சி: ஆரஞ்சு நிறப் பெண் மீன்கள், நடுவே ஊதா கலந்த ஆண்]

சரி, கூட்டமாகவே நிலைக்கிற மீன் கிடையாதா? என் ஓட்டு லைர்டெயில் ஆந்தியாஸுக்கு. இதிலும் பெரியவன் சின்னவன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஆண், அவனைச் சுற்றிப் பல பெண்கள். ஆண் இறந்தால் பெண்களில் ஒன்று நிறம் மாறி ஆணாகிவிடும். ஆண் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்த மாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்று லெவ் ஃபிஷெல்சன் என்ற இஸ்ரேலிய விலங்கியலாளர் 1970ல் எழுதினார்.

அதனால் ஒரு ஆணோடு ஐந்தாறு பெண்களை ஒரே நாளில் விடுங்கள். எல்லாம் பெண்ணாகக் கிடைத்தாலும் கவலை இல்லை, ஆணை அவையே தயாரித்துக்கொள்ளும். இரண்டு ஆண்களை மட்டும் வாங்காதீர்கள். 400 லிட்டருக்குக் கீழே என்றால் நான் இந்தப் பக்கமே போக மாட்டேன்.

செலவு சாப்பாட்டில்தான். பவளப்பாறையில் நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களை இவை பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒருவேளை போட்டால் வயிறு ஒட்டிப்போகும், சண்டையும் கூடும். பொடியான மைசிஸ், கோப்பிபாட் போன்ற குட்டி இறால் மாதிரி உயிர்கள், குறைந்தது மூன்று வேளை. வேலைக்குப் போகிறவர்கள் தானியங்கி ஊட்டி வாங்கிவிடுங்கள். இவ்வளவு போட்டால் கழிவும் ஏறும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை ஒரு அளவு பெரிதாகவே பாருங்கள்.

[காட்சி: பைஜாமா கார்டினல், சிவந்த கண்]

இதெல்லாம் முடியாது என்றால் பைஜாமா கார்டினல் என்ற மீன் ஐந்தாறு போதும். பெரிய சண்டை இல்லாமல் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். பகலில் கூட்டமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அலுப்புத் தட்டலாம். இதன் உறவான பங்காய் கார்டினலை மட்டும் கூட்டமாக வாங்கி ஏமாறாதீர்கள். கடையில் குட்டிகளாக ஒட்டி நிற்கும். வளர்ந்து ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் மற்றவற்றை விரட்டியே கொன்றுவிடும்.

பெரிய மீன் ஒன்றை விட்டால் பயந்து கூட்டம் சேருமே என்று கேட்பீர்கள். சேரும். ஆனால் அந்தப் பயத்திலேயே சாப்பிட வராமல் பாறைக்குள் அடைந்துகிடக்கும் மீன்களையும் பார்த்திருக்கிறேன்.

[காட்சி: ஆந்தியாஸ் கூட்டத்துக்குள் ஒரு பச்சை மீன்]

என்னுடைய அந்த ஒற்றைக் குரோமிஸ்? போன வருடம் ஆந்தியாஸ் வந்த பிறகு, பம்பை விட்டுவிட்டு அவற்றோடு சுற்றுகிறது. ஊட்டி சுழலும் சத்தம் கேட்டால் முதலில் மேலே வருவது அதுதான்.