க்யூப் எங்கே இருந்தது?

நேயர்களுக்கு வணக்கம். சிவில் இன்ஜினீயரிங் படித்தவனுக்கு எதற்குக் கறுப்புக் கோட்டு என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்கிறார்கள். நாலு வருஷம் சைட்டில் வெயிலில் நின்றேன். அங்கே சண்டை இல்லாத நாளே கிடையாது. சண்டை முற்றினால் கோர்ட்டுக்குத்தானே போகிறது? நானும் போனேன், மூன்றாண்டு சட்டப்படிப்பு முடித்துவிட்டு.

இன்ஜினீயர் வக்கீல் என்றால் நீதிபதிக்கு எல்லாவற்றையும் தானே விளக்கிவிடுவார் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. கான்கிரீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தாலும், கூண்டில் நிற்கும் நிபுணர் வாயிலிருந்து வந்தால்தான் அது சாட்சியம். பழைய சாட்சியச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு, 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 39. என் படிப்பு பதில் சொல்ல உதவாது, கேள்வி கேட்கத்தான் உதவும்.

ஒரு வழக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டிய வீடு. இரண்டு மழைக்குள் கூரையில் விரிசல், ஒழுகல். கட்டிக்கொடுத்தவர் பக்கத்து இன்ஜினீயர் பரிசோதனை அறிக்கையோடு கூண்டில் ஏறினார். க்யூப், அதாவது சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டை, பாஸ். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கூரை போடும் அன்று அதே கலவையை 15 சென்டிமீட்டர் இரும்பு அச்சில் போட்டு, மறுநாள் கட்டையைக் கழற்றித் தண்ணீரில் போடுவார்கள். 28 நாள் கழித்து மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள்.

"இந்த க்யூப் 28 நாளும் எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

"தொட்டித் தண்ணீருக்குள்."

"கூரை?"

பதில் இல்லை.

"கூரைக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள்?"

"மூன்று நாள். அப்புறம் லாரி வரவில்லை."

மாதமோ மே. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ கட்டைதான் பாஸா?" என்றார். அதனால்தான் சொல்கிறேன், வீடு கட்டுகிறவர்களே, மாடியில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். சாதா சிமெண்டுக்கே குறைந்தது ஏழு நாள்.

சரி, அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில், "விரிசலுக்கு வேறு காரணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "உண்டு சார். இவர் பிறகு நடுக்கூரையில் ஏற்றிவைத்த இரண்டாயிரம் லிட்டர் டேங்க்" என்றார் அவர். என் கட்சிக்காரர் அதை என்னிடம் சொல்லவே இல்லை! நான்தான் மாடி ஏறிப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் மட்டுமே இரண்டு டன். கடைசியில் வழக்கு சமாதானத்தில் முடிந்தது. பழுது பார்க்கும் செலவில் பாதி எங்கள் தலையில். இப்போதெல்லாம் டேப்போடு முதலில் மாடி ஏறுகிறேன். அப்புறம்தான் பத்திரம், பில் எல்லாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ரியல் எஸ்டேட் சட்டம் பற்றி ஒரு வரி: பதிவான திட்டத்தில் வீடு வாங்கியிருந்தால், சாவி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை எழுத்தில் கொடுங்கள்; பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். காப்புரிமை, அதாவது பேட்டன்ட் பற்றித்தான் பேச நினைத்து வந்தேன். இன்ஜினீயரிங் பிள்ளைகளே, காப்புரிமை முகவர் தேர்வு எழுதச் சட்டப்பட்டம் தேவையில்லை, உங்கள் பட்டமே போதும். மற்றது இன்னொரு நாள். வணக்கம்.