பல்குச்சியால் எழுதியவர்

அன்பு நண்பர்களே, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான தெனி திதரோ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பல்குச்சிதான்.

1749 ஜூலையில் போலீஸார் பாரிஸில் அவர் வீட்டுக்கு வந்து, அவரை வென்சென் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை கிடையாது, அரசர் பெயரில் ஓர் உத்தரவு, அவ்வளவுதான். குற்றம்? பார்வையற்றவர்களைப் பற்றி ஒரு சிறு நூல். அதில், சாகக் கிடக்கும் கண் தெரியாத கணித மேதை ஒருவர் பாதிரியாரிடம் சொல்கிறார்: நான் கடவுளை நம்ப வேண்டுமானால், அவரைத் தொட்டுப் பார்க்கவிடுங்கள்.

சிறையில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. கற்பலகைத் துண்டைப் பொடித்து ஒயினில் குழைத்தார், அதுதான் மை. பல்குச்சிதான் பேனா. கையில் இருந்த புத்தகத்தின் ஓரங்கள்தான் தாள். இதை அவருடைய மகள் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். இனி இப்படி எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வெளியே வந்தார். அதற்காக அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியே அவர் தொகுத்துக்கொண்டிருந்த கலைக்களஞ்சியம் காத்துக் கிடந்தது. கத்தி செய்கிறவரின் மகன் அவர். பட்டறைகளையும் கருவிகளையும் கைத்தொழில்களையும் தத்துவத்துக்குச் சமமாக அதில் உட்கார வைத்தார். 1759இல் அரசு அந்தக் கலைக்களஞ்சியத்துக்கான அனுமதியை ரத்து செய்தது. அதைச் சேர்ந்து தொகுத்த கணித மேதை தலம்பேர் ஏற்கெனவே விலகியிருந்தார். திதரோ ரகசியமாகத் தொடர்ந்தார்.

சரி, இதெல்லாம் எதிரிகள் செய்தது. அவரை நொறுக்கியது வேறு. 1764இல் ஒருநாள், கலைக்களஞ்சியத்தின் அச்சாகிவிட்ட தாள்களில் தன் கட்டுரை ஒன்றைத் தேடிப் பார்க்கிறார். எழுதிய பத்திகளைக் காணோம். இன்னொன்றைப் புரட்டுகிறார், அங்கும் வெட்டு. பதிப்பாளர் லெ பிரத்தோன், வம்பு வருமே என்று பயந்து, திதரோ மெய்ப்புப் பார்த்து அனுப்பிய பிறகு திருட்டுத்தனமாக வெட்டியிருக்கிறார். கையெழுத்துப் பிரதிகளையும் எரித்துவிட்டார். அழுதேன் என்று அவருக்கே கடிதம் எழுதினார் திதரோ. கோட்டையில் மூன்று மாதம் அடைத்தவர்கள்கூட அவருடைய வரிகளை இப்படிக் கொல்லவில்லை, நண்பர்களே.

அதற்கு முன்பே, தன் துணிச்சலான எழுத்தையெல்லாம் அச்சுக்குத் தராமல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். 'ராமோவின் தம்பி மகன்' அப்படி எழுதியதுதான். 1784இல் இறந்தார். அந்த நூல் 1805இல்தான் அச்சேறியது. அதுவும் ஜெர்மனில், கவிஞர் கதே மொழிபெயர்த்து. திதரோவின் சொந்தக் கையெழுத்துப் பிரதி பாரிஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. 1891இல் அதை அப்படியே அச்சிட்டார்கள், ஒரு வரியும் வெட்டாமல்.